நான் கத்தவில்லை, சித்தி

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பா மட்டும், 'உன்னால் நான் நலமாக இல்லை' என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நகராட்சி அலுவலக வாசலில் நான் நடுரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன் என்று அப்பா உங்களிடம் போனில் சொன்னாராமே, அது பொய். அவருக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு இன்ஷூரன்ஸ் மாமா. மாமா அன்று அந்தப் பக்கமே வரவில்லை. நான் கத்தவில்லை. அன்று அங்கே யாருமே கத்தவில்லை. அதுதான் எங்கள் பிரச்சினையே.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பா டிவியில் செய்தி கேட்டுக்கொண்டே செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வார், அக்காவின் இரட்டையர்கள் எந்நேரமும் எதற்காவது பாகப்பிரிவினை நடத்திக்கொண்டிருப்பார்கள், அம்மா சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டால் தெருக்கோடியில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். பகல் முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்திவிட்டு வருகிறவளுக்கு, தனக்காகப் படிக்க இருந்த ஒரே இடம் டயர் கடைக்குப் பக்கத்தில் உள்ள நகராட்சிப் படிப்பகம். அங்கே ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஒரு கால் சற்றுக் குட்டை. அசையாமல் உட்கார்ந்தால் அதுவும் அசையாது. இந்த உலகத்தில் எனக்கென்று வேறு எதையும் நான் கேட்டதில்லை. படிப்பகத்துப் பொறுப்பாளரை எல்லாரும் உஷ் சார் என்போம். காற்றில் பக்கம் புரண்டால்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்து 'உஷ்' என்பார். நல்ல மனிதர்.

அந்தப் படிப்பகத்தை மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். காரணம், 'பயன்பாட்டில் இல்லை.' எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று விசாரித்தால், ஒரு மாலை அதிகாரி நேரில் வந்திருக்கிறார், வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார், உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, போய்விட்டார். நாங்கள் ஏழு பேர் உள்ளே படித்துக்கொண்டிருந்தோம், சித்தி. நடமாட்டமும் பேச்சுமாக இருந்தால் அதற்குப் பெயர் படிப்பகமா, சந்தைக்கடையா?

அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள் கூடிய கூட்டத்தில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "மூடக் கூடாது." அதையும் என் கைக்குட்டையிடம்தான் சொன்னேன். பக்கத்திலிருந்த டயர் கடைக்காரர் கேட்டுவிட்டார். வேலைக்கு நடுவே கை கழுவிக்கொண்டு வந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிப்பவர் அவர். இளவயதில் ஏதோ நாடகத்தில் ராஜா வேஷம் கட்டினாராம், அந்தக் கிரீடத்தை இன்னும் மனத்தளவில் கழற்றவில்லை. "பாப்பா சொல்றது கரெக்ட். போடுறோம் ஒரு தெரு நாடகம். கதை வசனம் பாப்பா!" என்று எழுந்து நின்றே அறிவித்துவிட்டார். நான் மறுத்தேன். என் மறுப்பும் கைக்குட்டையோடு போயிற்று. என் பெயர் எங்கும் வரக் கூடாது, நான் மேடைப் பக்கமே வர மாட்டேன் என்ற இரண்டு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தேன்.

இனிமேல்தான் கோளாறு. ஒத்திகைக்கு இடமில்லை. டயர் கடையில் சுத்தியல் சத்தம், தெருவில் லாரி. படிப்பகத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று உஷ் சாரிடம் கேட்டோம்.

"தாராளமா வச்சுக்குங்க. சத்தம் மட்டும் வரக் கூடாது."

"சார், நாடகம் சார்!"

"அதனால என்ன? மெதுவா போடுங்க."

"போராட்ட நாடகம் சார். கோஷமெல்லாம் இருக்கு."

"கோஷத்தையும் மெதுவா போடுங்க. நாலு பேர் படிக்கிற இடம்."

படிப்பகத்தைக் காப்பாற்றுகிற நாடகத்துக்காகப் படிப்பகத்தின் விதியை மீறுவது எப்படி? எங்களுக்கும் மனசு வரவில்லை. ஆகவே ஒரு மாதம் முழுக்க ஒத்திகை குசுகுசுவென்றே நடந்தது. எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் உண்டு. அவர் டிக்கெட் கேட்டால் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்கள் சில்லறை எடுப்பார்களாம். அவரே, "மூடாதே, மூடாதே" என்று தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் பேசப் பழகிவிட்டார். மேளத்தைத் துண்டால் சுற்றிக் கட்டினோம். அழகு நிலையம் வைத்திருக்கும் அக்கா தன் பாத்திரத்துக்கு ஒரு அழுகை கேட்டு வாங்கியிருந்தாள். அந்த ஒப்பாரியை உதட்டை மட்டும் அசைத்து அழுது பழகினாள். படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. உஷ் சாருக்குப் பெருமை தாங்கவில்லை.

நாடக நாள் வந்தது. காலையில் எல்லாரும் வேலைக்கு வரும் நேரமாகப் பார்த்து நகராட்சி வாசலில் வட்டம் கட்டினோம். நான் கூட்டத்துக்குள், முன்பின் தெரியாத ஒரு பருமனான அம்மாளின் குடைக்குப் பின்னால் பத்திரமாக நின்றேன். மேளம் ஆரம்பித்தது. துப், துப் என்றது. துண்டை அவிழ்க்க மறந்திருந்தார்கள். சரி, கண்டக்டர் வாயைத் திறந்தால் கட்டடம் அதிரும் என்று காத்திருந்தேன். திறந்தார். "பொதுமக்களே" என்றார். எனக்கே கேட்கவில்லை.

ஒரு மாதப் பழக்கம், சித்தி! அவருக்கே தெரியவில்லை, தான் குசுகுசுக்கிறோம் என்று. அடுத்தவரும் அதே மாதிரி, அதற்கடுத்தவரும் அதே மாதிரி. நான் குடைக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டி 'சத்தமா, சத்தமா' என்று சைகை காட்டினேன். டயர் கடைக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் உருக்கமாக, இன்னும் மெதுவாகப் பேசினார். போயிற்று, நாற்காலி போயிற்று என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் ஜனங்கள் போகவில்லை. நெருங்கி வந்தார்கள். உரக்கச் சொன்னால் யார் நின்று கேட்கிறார்கள்? குசுகுசுவென்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவர் பைக்கை அணைத்துவிட்டுக் காதை நீட்டினார்.

"என்னங்க சொல்றாங்க?"

"அட, கேக்க விடுங்க."

"யாரோ ஆபீசர் மாட்டிக்கிட்டாராம்."

"யாரு, கணக்குப் பார்க்கிறவரா? எனக்கு அப்பவே தெரியும்."

இந்தக் கடைசிப் பேச்சு எப்படியோ மாடிக்குப் போய்விட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்புறம், அன்று படிப்பக வாசலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போன அதே அதிகாரி இறங்கி வந்து, "என்ன நடக்குது இங்க?" என்றார். மொத்தக் கூட்டமும் திரும்பி, "உஷ்!" என்றது. வாழ்நாளில் அவரை யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. மனிதர் நுனிக்காலில் வந்து, எங்கே இடம் கிடைத்தது என்கிறீர்கள், அந்தக் குடைக்குப் பின்னால், என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அப்போது அங்கே நடந்துகொண்டிருந்த காட்சி இதுதான்: அதிகாரி வேஷம் போட்ட டயர் கடைக்காரர் வாசலில் நின்று காதை வைத்துக் கேட்கிறார். எதிரே ஏழு பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள். "ஆளே இல்லையே" என்கிறார். அவ்வளவுதான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, அவரும் குசுகுசுவென்று, "அன்னைக்கு நிஜமாவே உள்ளே ஆள் இருந்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

ஓட வழியில்லை. முன்னால் குடை, பின்னால் சுவர். "இருந்தோம் சார். நான் ஜன்னலோரத்துல இருந்தேன்" என்றேன்.

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"படிச்சிட்டிருந்தோம் சார்."

அவர் குடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பிறகு வட்டத்துக்கு நடுவே போய், மூடுகிற உத்தரவை நிறுத்தி வைக்கிறேன் என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், டயர் கடைக்காரரைத் தவிர. "சார், என் கடைசி வசனம் ஒரு பக்கம் இருக்கு. அது முடியட்டும், அப்புறம் நிறுத்தி வைங்க" என்று கெஞ்சினார். அதிகாரி நல்ல மாதிரி. நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

நடந்தது இவ்வளவுதான். உங்கள் அக்கா மகள் வாழ்க்கையில் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை, இனியும் உயர்த்த மாட்டாள். பொதுக்காரியங்களிலிருந்து விலகிக்கொண்டேன். இதோ, இந்தக் கடிதத்தையே என் ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்துதான் எழுதுகிறேன். அப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் பேச்சென்றால் டிவியை அணைத்துவிட்டுக் கேட்பார். சித்தப்பாவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு. உங்கள் எல்லாருக்கும் நல்ல தூக்கமும் நல்ல பசியும் கிடைக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புள்ள,
அக்கா மகள்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது உள்ளே ஒரு கும்பல் வந்தது. நாடகம் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதால் இப்போது தினமும் யாராவது எங்கள் அமைதியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். "எவ்ளோ அமைதி பாருங்க!" "ஊசி விழுந்தா கேக்கும் போல!" என்று ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் என்னிடம் வந்து, "கொஞ்சம் எந்திரிங்க, அந்த நாற்காலியோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, சித்தி. எழுந்து, "வெளியே போங்கடா!" என்று கத்திவிட்டேன். அச்சகத்தில் பல வருஷமாக அடித்துத் திருத்தியதெல்லாம் வாய்வழியே வந்ததுபோல் இருந்தது. பக்கத்து மேசையில் படித்துக்கொண்டிருந்த கண்டக்டர் வாயைப் பிளந்து, "இந்தக் குரலை இத்தனை நாள் எங்கம்மா வச்சிருந்த?" என்றார். கும்பல் ஓடிவிட்டது. உஷ் சார் எழுந்து வந்தார், சுவரில் இருந்த விதிப் பலகையைக் காட்டினார், மாதக் கடைசிவரை நான் உள்ளே வரக் கூடாது என்றார். நியாயம்தான். கத்திய கத்தில் என் குரல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

ஆகவே மேலே என் குரலைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நாலு நாளாக நான் டயர் கடையில், அடுக்கி வைத்த டயர்கள் மேல் உட்கார்ந்து படிக்கிறேன். வசதியாகவே இருக்கிறது. கடைக்காரருக்குப் பழக்கம் இன்னும் போகவில்லை. பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் இரங்கல் சொல்வதுபோல் பேசுகிறார். அவர்களும் அப்படியே பேசுகிறார்கள். சாயங்காலமானால் உஷ் சார் படிப்பகத்து ஜன்னல் வழியே ஒரு புத்தகத்தை நீட்டுவார். விதிப் பலகையில் ஜன்னலைப் பற்றி ஒன்றும் இல்லையாம்.