நீல எறும்பில் இடமில்லை

"பாப்பாவை எங்க சேர்த்தீங்க?" என்று மனைவி கேட்டபோது இன்ஷூரன்ஸ்காரர் வாயில் பிரஷ் இருந்தது. அது பெரிய உதவி. நுரையைத் துப்பி, வாய் கொப்பளித்து, முகம் துடைக்கிற வரைக்கும் யோசிக்கலாம்.

கோடை விடுமுறையில் ஏழு வயது மகளை ஒரு கோடிங் பகல் முகாமில் சேர்ப்பது அவர் பொறுப்பு. மனைவி பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் பிரிவைப் பார்ப்பவள். "லீவுல எனக்கு வேற வேலை இருக்கு, இந்த ஒண்ணையாவது நீங்க பாருங்க" என்று எப்போதோ சொல்லிவிட்டாள். அவரும் பலமாகத் தலையாட்டிவிட்டு, சுத்தமாக மறந்துபோனார்.

"சேர்த்தாச்சு" என்றார்.

"அதான், எங்க?"

வாஷ்பேசின் ஓரத்தில் மகளின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில் நீல நிற எறும்பு ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நீல எறும்பு" என்றார்.

"பேர் நல்லாத்தான் இருக்கு. என்ன சொல்லித் தருவாங்களாம்?"

அலுவலகத்தில் அவர் சம்பளம் வாங்குவதே அடுத்தவர் பொய்யைக் கண்டுபிடிப்பதற்குத்தான். எரியாத கடை எரிந்ததாகவும், தொலையாத வண்டி தொலைந்ததாகவும் வருகிற மனுக்களில் புரண்டு எழுந்தவர். விவரம் இருந்தால்தான் பொய் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? விவரமாகவே சொன்னார்.

"மொத வாரம் கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு புள்ள ரோபோ, இன்னொரு புள்ள கட்டளை போடணும். ரெண்டு அடி முன்னாடி வை, இடது பக்கம் திரும்பு, அந்த மாதிரி. தப்பாச் சொன்னா ரோபோ போய் சுவத்துல முட்டிக்கும்."

"எத்தனை பசங்க?"

"பன்னெண்டே பேர். அதுக்கு மேல எடுக்க மாட்டாங்க."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லாத்தான் விசாரிச்சிருக்கீங்க" என்றாள். பாராட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஓரிரு நாளில் உண்மையான முகாம் ஒன்றைப் பிடித்து, பெயரை மாற்றிவிட்டார்கள் என்று சமாளித்துவிடலாம் என்பது அவர் திட்டம். ஆனால் மறுநாள் லிஃப்டில் எதிர் ஃபிளாட் பல் டாக்டரம்மா வழி மறித்தார்.

"உங்க வீட்டம்மா சொன்னாங்க சார். நீல எறும்புல எங்க பையனுக்கும் ஒரு சீட் பாத்துச் சொல்லுங்க."

"ஃபுல் ஆயிடுச்சே மேடம்."

இதோடு ஆளை விடுவார் என்று அவர் நம்பினார். பெற்றோரைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும். இடமில்லை என்றதும் டாக்டரம்மாவின் முகம் சொத்தைப் பல்லைக் கண்டதுபோல் மலர்ந்துவிட்டது. "அப்போ நல்ல இடம்தான்" என்றார்.

அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்க அதே பேச்சு. மூன்றாம் மாடிக்காரர், தன் அண்ணன் மகனுக்குப் போன வருடமே அங்கே இடம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். வண்டி நிறுத்துமிடத்தில் இருவர் இன்ஷூரன்ஸ்காரரின் தோளில் கை போட்டார்கள். அவர்களைக் கழற்றிவிட, "நுழைவுத் தேர்வு இருக்கு, ரொம்பக் கஷ்டம்" என்றார்.

அந்த வாரமே தரைத்தளத்து டியூஷன் மாஸ்டர் வாசலில் பேனர் தொங்கியது. 'நீல எறும்பு நுழைவுத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி. போன ஆண்டு தேர்வானவர்கள் அனைவரும் நம் மாணவர்களே.'

இன்ஷூரன்ஸ்காரர் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறார். கட்டாத கடை எரிந்துபோனதாக நஷ்டஈடு கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

வீட்டிலோ மனைவியின் கேள்விகள் ஓயவில்லை. சாப்பிடும்போது, "தொப்பி ஏதாவது தருவாங்களா?" என்பாள். "எறும்பு போட்ட தொப்பி" என்பார். துணி மடிக்கும்போது, "எந்த இடத்துல நடத்துறாங்க?" என்பாள்.

"லைப்ரரிக்குப் பின்னாடி, பழைய ஸ்கேட்டிங் ஹால். சும்மாத்தானே பூட்டிக் கெடக்கு, வாடகையும் கம்மி."

"அப்படியா" என்பாள். அதற்குள் அவள் போன் அடிக்கும், எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். இரண்டு முறை, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்துப் பார்த்தார். இரண்டு முறையும், "கொஞ்சம் இருங்க, கால் வருது" என்றாள்.

திங்கட்கிழமை முகாம் தொடங்க வேண்டும். மகள் வேறு வீட்டுக்குள் ரோபோவாக நடந்து, சுவரில் முட்டி முட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். மனைவிக்குத் தெரிந்தால் கோபப்படுவாள், அது பழகியதுதான். இந்தக் குழந்தை முகத்தில் எப்படி விழிப்பது? ஒத்திகையாக முதலில் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டார்.

"மேடம், நீல எறும்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நானா கெளப்பிவிட்டது."

டாக்டரம்மா இரக்கத்தோடு சிரித்தார். "எங்க பையன் வந்தா உங்க பொண்ணு பின்தங்கிடுவான்னு பயப்படுறீங்க. புரியுது. ஆனா சார், உங்களுக்குப் பொய் சொல்ல வரலை."

சனிக்கிழமை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிஜ முகாம்களைத் தேடிக் கிளம்பினார். முதல் இடத்தில் பூட்டு. அடுத்த இடத்தில், பிள்ளைகள் சேராததால் இந்த ஆண்டு இல்லை என்று ஒட்டியிருந்தார்கள். கடைசியாக ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், இளம் ஆசிரியை ஒருத்தி கீபோர்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சீட் போதும்மா" என்றார்.

"சீட்டுக்கென்ன சார், எல்லாமே காலிதான். உக்காரத்தான் ஆளில்லை. அத்தனை பேரும் நீல எறும்புன்னு ஓடிட்டாங்க. நான் கடையைக் கட்டுறேன்."

மகள் காலி நாற்காலி ஒன்றில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தாள். பல் தேய்க்கும்போது சொன்ன ஒரு பொய், ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே.

"அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். அப்படி ஒரு முகாமே இல்ல. நான் கட்டிவிட்ட கதை அது. நீங்க மூடாதீங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பையிலிருந்து தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதன் நெற்றியில் நீல எறும்பு பல்லைக் காட்டியது.

"என்ன சார் சொல்றீங்க? திங்கக்கிழமை நான் அங்கதான் டீச்சரா சேர்றேன். பழைய ஸ்கேட்டிங் ஹால். மொத வாரம் கம்ப்யூட்டரே கிடையாது, ரோபோ விளையாட்டு மட்டும்தான். பன்னெண்டு சீட்டும் முடிஞ்சிடுச்சு, அதுல ஒண்ணு, நடத்துற மேடத்தோட சொந்தப் பொண்ணுக்கு."

"எந்த மேடம்?" என்றார்.

"ஏதோ ஸ்கூல்ல அட்மிஷன் பாக்குறவங்களாம். எப்படி மேடம் இப்படியெல்லாம் யோசிக்கிறீங்கன்னு கேட்டேன். 'எல்லாம் எங்க வீட்டுக்காரர் சொன்னதுதான், அவர்கிட்ட மட்டும் இன்னும் சொல்லலை'ன்னாங்க."