மூன்றாம் ஓலையும் செக்கர் அண்ணனும்

செக்கர் அண்ணன் இந்த உலகத்தில் நம்பியது ஆண்டவரையும் தன்னுடைய பழைய மொபெட்டையும் மட்டும்தான். அதிலும் மொபெட்டைச் சர்ச் வேப்பமரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுவார். பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே போய், அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். ஆண்டவரை அப்படி அவர் சோதித்து நான் பார்த்ததில்லை. மற்ற எல்லோரையும் சோதித்திருக்கிறார்.

டவுன் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் அவர் செக்கர் அண்ணன், எனக்கும் அண்ணன், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் அண்ணன். வேலையை விட்டு வந்தாரே தவிர, அந்தப் பார்வையை டெப்போவில் ஒப்படைத்துவிட்டு வரவில்லை. அவர் ஏற இறங்கப் பார்த்தால் ஜெபம் செய்துகொண்டிருப்பவர் கைகூடத் தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.

ஒரு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி, பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் போய், ஒரு கூடை முட்டை வந்தது. எல்லோரும் உற்சாகமாக விலை கேட்கும் நேரத்தில் செக்கர் அண்ணன் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அதில் போட்டார். முட்டை ஜம்மென்று மிதந்தது.

"ஆண்டவருக்குக் குடுக்குறதுலயும் கூமுட்டையாம்மா?" என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். கமிட்டிச் செயலாளரின் மனைவிதான் தேவையில்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அவர் முழு வீச்சில் இறங்குவது கல்யாணங்களில்தான். எங்கள் சர்ச்சில் கல்யாணம் என்றால் முன்கூட்டியே மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஆயர் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுவார். அந்த இடைவெளியில் பெண்கள் மணப்பெண்ணின் கம்மலைப் பார்ப்பார்கள், ஆண்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். செக்கர் அண்ணன் மட்டும் அதைத் தனக்கு இட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

"ஐயா என்னையப் பாத்துக் கேக்குறாரு. தெரியலைன்னு சும்மா உக்காந்திருந்தா அது மரியாதையா? போயி விசாரிச்சுட்டு வந்துல்ல தெரியலைன்னு சொல்லணும்?"

அப்படியே போய் விசாரித்துவிட்டும் வருவார். சொந்தமாக நாலு தறி ஓட்டுவதாகச் சொன்ன செல்லூர் மாப்பிள்ளையின் சந்துக்குள் போய், சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். "சத்தம் ரெண்டு தறிக்குத்தான் வருது" என்று அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து அறிவித்தார். இன்னொரு மாப்பிள்ளை சொன்ன உயரம் இல்லை என்று தடை சொன்னார். "உயரம் தடையில்லைண்ணே, உக்காருங்க" என்று ஆயர் கும்பிட்டார்.

சபை அவரை அடித்து விரட்டியிருக்கும். விரட்ட முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு பேங்க் மேனேஜர் மாப்பிள்ளை. எங்கள் சர்ச்சில் ஓலை வாசித்த அதே ஞாயிறு, அதே மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் வேறொரு பெண்ணோடு ஓலை வாசித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தது செக்கர் அண்ணன். அந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அத்தனை மாப்பிள்ளைகளையும் வறுத்தெடுத்தார்.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

நான் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். வீடு அவனியாபுரம். மாப்பிள்ளை ஜெபசிங், விருதுநகரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். நல்ல குடும்பம், நல்ல உயரம், போட்டோவில் நல்ல சிரிப்பு. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டும். அது மாப்பிள்ளை சொன்னதா, அவருடைய அம்மா சொன்னதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கழுத்தை நீட்ட எனக்கு மனசில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். கேட்டேன். போன் செய்தால் அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். நான் ஒரு கேள்வி கேட்டால், ஒரு மௌனம், ஒரு கிசுகிசு, பிறகு பதில் வரும். ஒரு நாள் வெறுத்துப்போய், "அங்க மழையா?" என்று கேட்டேன். மௌனம். பின்னால் ஒரு பெண் குரல், "பெய்யுதுன்னு சொல்லு." பிறகு ஜெபசிங், "பெய்யுதுங்க."

வாட்ஸ்அப்பிலாவது பேசலாம் என்று பார்த்தால், தினமும் காலையில் ரோஜாப்பூவுக்கு நடுவில் ஒரு வசனம் வரும். கீழே, 'அம்மாவும் சொல்லச் சொன்னாங்க.'

வீட்டில் இதைச் சொன்னால் கேட்க ஆள் இல்லை. கேக் மூன்று அடுக்கா நாலு அடுக்கா, பெண்ணின் தலையில் போடும் நெட் எவ்வளவு நீளம், பாட்டுத்தாளின் அட்டையில் புறாவா மணியா, பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா பாசுமதியா என்று எல்லாவற்றுக்கும் மாநாடு நடந்தது. எனக்கு மண்டப மேனேஜர் மேல் சந்தேகம், பூ அலங்காரக்காரர் மேல் சந்தேகம், இவை எல்லாவற்றையும்விட அந்த மழை மேல் பெரிய சந்தேகம்.

முதல் ஓலை வாசித்த மறுநாளே செக்கர் அண்ணனின் மொபெட் எங்கள் தெருவில் தென்பட்டது. பிறகு அவர் விருதுநகருக்குப் போனதாகத் தகவல் வந்தது. போய் எண்ணெய்ப் பரோட்டா தின்னும் சாக்கில் கடைக்காரரை விசாரித்திருக்கிறார். யாரோ இந்தச் சம்பந்தத்தைக் கலைக்க இவரை ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. யாராக இருக்கும் என்று சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக யோசித்ததில், எல்லோருமே பொருத்தமாக இருந்தார்கள்.

இரண்டாம் ஓலை முடிந்த வாரம், நூலகத்துக்கே வந்துவிட்டார். தலையைக் குனிந்து, குரலை இறக்கி, மேஜைக்கு முன்னால் நின்றார்.

"ஏத்தா பெர்சி, எனக்கு ரெண்டு சந்தேகம். மொதச் சந்தேகம் மாப்ள மேல. சனிக்கிழமைன்னா வேலை முடிஞ்சு மதுரை பஸ்ல ஏறுறாப்ல. இங்கிட்டு வரல. திருமங்கலத்துல எறங்கித் தெருத் தெருவாப் போறாப்ல. அங்க அவுகளுக்குச் சொந்தம்னு ஒரு நாதி கெடையாது. நானே பின்னாடி போயிப் பாத்தேன். ஒரு வீட்டுக்குள்ள போனவரு ரொம்ப நேரமா வெளிய வரல."

"ரெண்டாவது?" என்றேன்.

"ரெண்டாவது உன் மேல."

"என் மேலயா? நான் என்னண்ணே பண்ணேன்?"

"பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான். தப்பான பஸ்ல ஏறிட்டமோன்னு நெனைக்கிறவுக படிக்கட்டப் பாப்பாக. போன ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கையில நீ சர்ச் வாசலையே பாத்துக்கிட்டு இருந்த. உனக்கு இதுல இஷ்டமா, இல்லையா?"

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. அம்மா, சேலை கலர்தான் கேட்டாள். இந்த மனுஷர் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கர் போன், மழை, வேலை எல்லாவற்றையும் கொட்டினேன். "தெரியலைண்ணே. அவரோட ஒரு வார்த்தை தனியாப் பேசுனாத்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

"இம்புட்டுத்தானா? சரி, வாரேன்" என்று போய்விட்டார்.

அன்று வீட்டில் திருமங்கலத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்தாளு பேச்சக் கேட்டா இந்த ஊர்ல ஒருத்திக்கும் கல்யாணம் நடக்காது" என்று அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. திருமங்கலத்தில் அது யார் வீடு? அதற்குள் யார் இருக்கிறாள்? அதைவிடப் பெரிய பயம், செக்கர் அண்ணன் இதைச் சபை நடுவே போட்டு உடைத்துவிடுவாரோ என்பது. உடைத்தால் கல்யாணத்தோடு என் மானமும் போகும்.

மூன்றாம் ஓலை ஞாயிறு வந்தது. முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் சர்ச்சுக்கே ஆராதனைக்கு வந்துவிட்டார்கள். ஜெபசிங் அம்மாவுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு, மூச்சு விட்டார்.

"இருக்குங்கய்யா."

கடைசி பெஞ்சில் செக்கர் அண்ணன் எழுந்து நின்றார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதும் உயரமாண்ணே?" என்று ஆயர் பரிதாபமாகக் கேட்டார்.

"இல்லைங்கய்யா. சபையில சொல்ற விசயமில்ல. பொண்ணையும் மாப்ளையையும் ஆபீஸ் ரூமுல வெச்சு விசாரிக்கணும். அப்படித்தான முறை?"

முறை அப்படித்தான். ஆராதனை முடிந்ததும் நாங்கள் ஆபீஸ் அறைக்குப் போனோம். பின்னாலேயே வந்த ஜெபசிங்கின் அம்மாவைச் செக்கர் அண்ணன் கதவில் கையை நீட்டி நிறுத்தினார்.

"எங்கம்மா வாரீக?"

"நான் அவனப் பெத்தவ!"

"இருக்கட்டும். உங்க பேருக்கா ஓலை வாசிச்சாக?"

கதவு சாத்தப்பட்டது.

ஆயர் நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்கண்ணே, என்ன தடை?" என்றார்.

"இவுக ரெண்டு பேரும் இன்னும் ஒருத்தரோட ஒருத்தரு பேசிக்கிடல. அதான் தடை."

ஆயர் அவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, மேஜையிலிருந்து ஒரு காலி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் போயி டீ சொல்லிட்டு வாரேன். நீங்களும் வாங்கண்ணே, கதவுக்கு வெளிய நில்லுங்க" என்றார். இருவரும் வெளியே போனார்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "திருமங்கலத்துல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

ஜெபசிங் கதவைப் பார்த்தார். போச்சு, அம்மா சொல்லிக்கொடுக்காமல் வாய் திறக்காது என்று நினைத்தேன். திறந்தது.

"யாரும் இல்லைங்க. வீடு பாக்குறேன். விருதுநகருக்கும் நாகமலைக்கும் நடுவுல அதான இருக்கு? நான் அங்கிட்டுப் போயிருவேன், நீங்க இங்கிட்டு வந்துரலாம். ஒரு வீடு அமைஞ்சிருச்சு. ஆனா தண்ணி வருமான்னு சந்தேகம். மோட்டார் போட்டு ரொம்ப நேரம் நின்னு பாத்தேன்."

"அப்ப என் வேலைய விடச் சொன்னது?"

"நான் சொல்லல. என்னையக் கேக்கவும் இல்ல."

"போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங்க சொல்ல? நீங்களும்தான் ஸ்பீக்கர்ல போட்டீக. மழையான்னு நீங்க கேட்டப்ப, 'நல்லாக் கேளுடி'ன்னு உங்கம்மா பின்னாடி சொன்னாங்க. நீங்க பேசுறதெல்லாம் அவங்க சொல்லிக்கொடுத்தது போலன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. போட்டோவில் இருந்ததைவிட நல்ல சிரிப்பு. வீட்டு விஷயத்தைத் தானே அம்மாவிடம் சொல்லிவிடுவதாகவும், அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கதவுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. அத்தனையையும் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

வெளியே சபை மொத்தமும் கலையாமல் நின்றிருந்தது. என்ன தடை, என்ன தடை என்று எல்லோரும் செக்கர் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தடை ஒண்ணும் இல்ல. நான்தான் தப்பா விசாரிச்சுட்டேன். மாப்ள தங்கமான ஆளு. மன்னிச்சுக்கங்க."

அந்த மனுஷர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் அடுத்தவரைச் சொல்லத்தான் வரும். தன்னைச் சொல்லி அன்றுதான் வந்தது. சபை கைகொட்டிச் சிரித்தது. கூமுட்டைக் கூடை கொடுத்த அம்மாள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஜெபசிங்கின் அம்மா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்பா, "இனி எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீக" என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, மொபெட்டின் பூட்டைத் திறந்து, அதைத் தள்ளிக்கொண்டு போனார். காரணத்தை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

பட்டுக்கடைக்குப் போகும் வழியில் ஜெபசிங் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கடையில் யாரோடும் பேசவில்லை. தனக்கு மட்டும் எனக்கு எடுத்ததைவிட விலை கூடிய சேலையாக எடுத்துக்கொண்டார். நான் வேலையை விடவில்லை.

செக்கர் அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வந்தா சனம் பயப்படும்த்தா."

"பயப்படட்டும்ண்ணே. வாங்க."

கல்யாணத்தன்று ஆயர் கடைசி முறையாகத் தடை உண்டா என்று கேட்டபோது, சபை முழுக்கக் கழுத்தைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் செக்கர் அண்ணன். ஊரே அவரைச் சந்தேகப்பட்டுப் பார்க்க, அவர் பிள்ளையைப் போல அமைதியாக இருந்தார்.

பிறகு ஆயர் என்னிடம் சம்மதமா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் மணப்பெண்கள் அதற்கு வாய்க்குள்தான் பதில் சொல்வார்கள், ஆயருக்கே பாதி கேட்காது. நான் "சம்மதம்" என்று போட்ட சத்தத்தில் பூச்செண்டு பிடித்திருந்த குட்டிப் பெண் திடுக்கிட்டாள், அம்மா பல்லைக் கடித்தாள். என்னைக் கேட்ட முதல் ஆள் கடைசி பெஞ்சில் இருந்தார். அவருக்குக் கேட்க வேண்டாமா?