மாப்பிள்ளை காணாமல் போன நான்கு நாட்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய அத்தைக்கு,

இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கு வைத்தியத்தில் உங்கள் முழங்கால் படியேறத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். பதற வேண்டாம். எங்களிடம் விட்டுப்போன உங்கள் பூனை மாப்பிள்ளை இப்போது என் காலடியில்தான் தூங்குகிறான். நடுவில் நான்கு நாள் மட்டும் இல்லை.

நீங்கள் எழுதித் தந்த இருபத்து மூன்று விதிகளை வாசல் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தோம். 'கதவைத் திறக்கும் முன் அவன் எங்கே என்று பார்' என்ற முதல் விதியைப் படித்துக்கொண்டே அப்பா தையல் கடைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தார். அவன் போய்விட்டான். போன் எண்ணோடு ஒரு கழுத்துப்பட்டை கட்டலாம் என்று நீங்கள் அவனை விட்டுப்போன அன்றே சொன்னேன், "என் புள்ள கழுத்துல கயிறா? அவன் என்ன நாயாடி?" என்றீர்கள். குறை சொல்லவில்லை அத்தை, ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரும்புவதற்குள் அவன் கிடைக்காவிட்டால் அப்பாவோடு பேச்சை முறித்துக்கொள்வீர்கள் என்பதும் ஞாபகம் வந்தது. எனக்குப் பேர் வைத்த சண்டையிலேயே ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் அல்லவா நீங்கள்!

வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி என்பதால் நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு. 'பூனை காணவில்லை. கூச்ச சுபாவம். அந்நியரைக் கண்டால் ஓட்டம். துரத்த வேண்டாம். தரையில் உட்கார்ந்து மெல்லக் கூப்பிட்டு, தின்ன ஏதாவது காட்டவும்.' படத்துக்குத்தான் திண்டாட்டம். மாப்பிள்ளைக்கு இருந்த ஒரே படம் என் பட்டமளிப்புப் படம். அவன் இல்லாமல் படமா என்று ஸ்டுடியோவில் அவனை என் மடியில் வைத்தது நீங்கள்தான். பூனையை மட்டும் வெட்டிப் போடலாம் என்றேன். அப்பா கொதித்துவிட்டார். "முப்பது வருஷமா துணி வெட்டுறேன், எதை வெட்டணும் எதை வெட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நம்ம வம்சத்துல மொத பட்டம்மா இது!" படத்தில்தான் பூனை இருக்கிறதே என்று 'பூனை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'முதல் வகுப்பு' என்று போட்டுவிட்டார். அச்சில் கறுப்பு அங்கியோடு கறுப்புப் பூனை கரைந்துபோனது. தெரு முழுக்க, 'காணவில்லை' என்ற தலைப்பின் கீழ் நான்.

மறுநாள் காலை "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். மருந்துக்கடைக்காரர் நோட்டீசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடைபாதையில் சப்பென்று உட்கார்ந்தார். "ஓடாத கண்ணு. இந்தா, பிஸ்கட்." சலவைக்கடை அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை விஷயத்த நாங்க பேசி முடிக்கிறோம், நீ மொதல்ல வீட்டுக்கு வா" என்றார். கூச்சத்தில் ஓடினேன். ஓட்டம் என்று நோட்டீசிலேயே இருந்ததால் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. மூன்று நாளில் நான்கு முறை என்னைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அப்பாவும் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். நீங்கள் தினம் இருமுறை போன் செய்து "மாப்பிள்ளை சாப்ட்டானா?" என்றீர்கள். "தூங்குறான்" என்றார் அப்பா. என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவதாக என்னைப் பிடித்தவர் பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற நர்ஸ். தன் வீட்டுக்கே இழுத்துப்போனார். அங்கே நாற்காலியில், வயிறு புடைக்க, மாப்பிள்ளை! "இது எங்க பூனை!" என்று கத்திவிட்டேன். அவர் திகைத்து, "நோட்டீஸ்ல பொண்ணத்தானே போட்டிருந்தாங்க? பூனைன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே" என்றார்.

ஆகவே எல்லாம் சுபம். ஞாயிறன்று நிம்மதியாக வாருங்கள். உங்கள் ஆசியை வேண்டும்,

தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில், தபாலில் சேர்க்க அப்பா வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "முடிச்சியா?" என்று கேட்டார். என் காலடியில் இப்போது யாரும் இல்லை. நோட்டீஸ் நிறைய மிச்சம் இருக்கிறது. ஞாயிறன்று வரும் வழியில் என்னைக் கண்டால், முழங்காலை மடக்கித் தரையில் உட்கார வேண்டாம் அத்தை. நேராக நர்ஸ் வீட்டில் ஒப்படைத்துவிடுங்கள்.