பதினெட்டாவது இளநீர்

வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது. ஆனால் உடனே சொல்வதாக இல்லை. இப்போதே சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், அப்புறம் மிச்சக் கதையை நான் பெலிக்கன் பறவையிடமா சொல்வது? கொஞ்சம் பொறுங்கள். இளநீரில் கூட மூன்று சீவு சீவின பிறகுதான் கண் தெரியும்.

முதல் சீவு, எவாரிஸ்தோ. லெயோன் நகரத்தில் செருப்புப் பட்டறை வைத்திருக்கிறார். லெயோனில் ஒரு கல்லை விட்டெறிந்தால் செருப்புப் பட்டறை மேல் விழும், அங்கிருந்து எகிறி இன்னொரு செருப்புப் பட்டறை மேல் விழும். ஒவ்வொரு ஜனவரிக் கடைசியிலும் ஊரில் பாதி சனம் சான் ஹுவான் மாதா கோயிலுக்கு மூன்று நாள் பாதயாத்திரை கிளம்பும். அதில் பாதிப் பேர் காலில் எவாரிஸ்தோ தைத்த செருப்பு. இரண்டாம் நாள் மதியம், நடு ரோட்டில், அதன் வார் அறும். திரும்பி வந்து சண்டைக்கு நின்றால், "வாருல கோளாறு இல்ல தம்பி, உன் நடையில கோளாறு" என்பார்.

அவர் நடை எப்படி? யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருஷமாக மனைவி லூதிவினா பாதயாத்திரைக்குக் கூப்பிடுகிறாள். பத்தொன்பது வருஷமாக ஜனவரி பிறந்தால் அவருக்கு வலது முழங்கால் வலிக்கும். எல்லோரும் கோயில் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை தானாகவே சரியாகிவிடும்.

இரண்டாம் சீவு, சத்தியம். போன அக்டோபரில் அக்காள் மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் விழா. டெகீலா ஊற்றினார்கள். எவாரிஸ்தோ மறுக்கவில்லை. அப்புறம் அவர் ஐந்தடுக்குக் கேக்கை நடனமாட அழைத்தார். கேக்கும் மறுக்கவில்லை. மறுநாள் காலை லூதிவினா அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளூர் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஆறு மாசம் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம். மாதா படம் போட்ட சின்ன அட்டையில் தேதி எழுதி, பாதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இது ஊர் வழக்கம்தான். எந்த முரட்டுக் கல்யாணத்திலும் அந்த அட்டையை எடுத்துக் காட்டினால் போதும், ஊற்ற வந்தவன் புட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவான்.

மூன்றாம் சீவு, கடல். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதென்று மகள்கள் இரண்டு பேரும் சேர்ந்து குவாயபித்தோஸ் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் ஐந்து நாள் அறை போட்டுக் கொடுத்தார்கள். புத்தாண்டு, பட்டறைக்கும் விடுமுறை. ஏழு மணி நேரம் பேருந்தில் வந்து இறங்கினார்கள். வரவேற்பில் இருந்த பெண் எவாரிஸ்தோவின் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையை மாட்டி, பாட்டுப் பாடுகிற குரலில் சொன்னாள்: "இந்தப் பட்டை இருந்தா போதும் ஐயா, எல்லாம் இலவசம். பீர், ரம், டெகீலா, மொத்தம் ஏழு பார் இருக்கு, எதுல வேணும்னாலும், எத்தனை வேணும்னாலும்."

எவாரிஸ்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் பட்டை, சட்டைப் பையில் அட்டை. விரதக்காரனைக் கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துக் கையைக் கட்டின மாதிரி.

"எவாரிஸ்தோ."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். மற்ற நேரத்தில் அவள் 'கிழவா' என்பாள், அவர் 'கிழவி' என்பார். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வது அப்படித்தான்.

"அட்டை எங்க?"

"நெஞ்சுகிட்டயே இருக்கு."

"என்ன தேதி வரைக்கும்?"

"ஏப்ரல் பன்னிரண்டு."

"இன்னைக்கு?"

"ஜனவரி மூணு."

"நடுவுல?"

"எலுமிச்சம்பழச் சாறு, கிழவி."

"சமர்த்து."

அறைக்குப் போனதும் எவாரிஸ்தோ குளிக்கப் போனார். வருத்தத்தில் அரைமணி நேரம் குளித்தார். அந்த அரைமணி நேரம் லூதிவினா கடல் பார்க்கப் போய்விட்டு வந்தாள். இதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

மதியம் அவள் ஓலைக் குடைக்குக் கீழே நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். எவாரிஸ்தோ பூனை மாதிரி நழுவி மணல் ஓரத்துப் பாருக்குப் போனார். அங்கே நிக்காந்த்ரோ என்ற பார்காரர் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். மீசை பெரிது, பேச்சு நிதானம். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாரென்றால் அதற்குள் ஒரு அலை வந்து போய்விடும். பச்சை இளநீர், அதில் ஒரு ஸ்ட்ரா, மேலே எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள். பக்கத்து நாற்காலியில் ஒரு பாதிரியார் கூட அதையே குடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பரிசுத்தமான காய் என்று எவாரிஸ்தோ நினைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாத அளவுக்குப் பரிசுத்தம்.

"மச்சான்," என்றார் மெதுவாக.

"சொல்லுங்க, தோன்," என்றார் அவர், ஐயா என்கிற மரியாதையில்.

"இந்த இளநிக்குள்ள வேற ஏதாவது இறங்குமா?"

நிக்காந்த்ரோ கத்தியை நிறுத்தினார். ஒரு அலை வந்தது. போனது.

"என்ன இறங்கணும்?"

"டெகீலா."

"எவ்வளவு?"

"மாதா மன்னிக்கிற அளவுக்கு. ஆனா அங்க, குடைக்குக் கீழ, நீலத் தொப்பி. பார்த்தீங்களா? அவளுக்குத் தெரியக்கூடாது."

நிக்காந்த்ரோ நீலத் தொப்பியைப் பார்த்தார். மீசையைத் தடவினார். "உங்க இளநிக்குள்ள என்ன இருக்குன்னு அந்தக் காய்க்கும் எனக்கும்தான் தெரியும், தோன். கவலைப்படாதீங்க."

"நான் இடது காதைச் சொறிஞ்சா, அதுதான் அடையாளம்."

"சொறியுங்க."

"வாசனை வருமா?"

"வரவே வராது. அதுக்கு நான் பொறுப்பு."

முதல் உறிஞ்சலிலேயே உதடு எரிந்தது. "ஆகா," என்றார் எவாரிஸ்தோ. இரண்டாவது உறிஞ்சலில் காது சூடானது. மூன்றாவதில் கடல் லேசாகச் சாய்ந்தது. "என்ன சரக்கு மச்சான் இது, தொண்டையில இறங்குறதே தெரியல. பட்டு."

"நம்ம வீட்டுச் சரக்கு," என்றார் நிக்காந்த்ரோ.

மாதாவைப் பற்றி ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஆனால் மாதா மலைப்பக்கத்துக்காரி. ஏழு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வரமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதல் நாள் இரண்டு இளநீர். இரண்டாம் நாள் நான்கு. மூன்றாவது முடிந்தபோது நீச்சல்குளத்து ஒலிபெருக்கிக்காரன், மூக்கில் தகரம் வைத்த மாதிரிக் குரலில், "ஆஆஆடத் தெரிஞ்சவங்க எல்லாம் வாங்க, ஆஆஆடத் தெரியாதவங்க முன்னாடி வாங்க" என்று கத்தினான். எவாரிஸ்தோ எழுந்தார். பதினோரு வருஷமாக மனைவியோடு ஆடாத மனிதர், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சுற்றினார், குனிந்தார், ஒற்றைக் காலில் நின்றார். ஒற்றைக் கால் என்றால் வலது கால். கவனியுங்கள்.

"என்னாச்சு கிழவா உனக்கு?"

"கடல் காத்து, கிழவி. உடம்புக்கு நல்லதாம்."

"இளநியும் நிறையக் குடிக்கிற."

"இருதயத்துக்கு நல்லதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

"குடி, குடி," என்றாள் லூதிவினா. இன்னொரு இளநீர் கொண்டுவரச் சொல்லி அவளே கையைக் காட்டினாள்.

பாவம், வெகுளி என்று எவாரிஸ்தோ நினைத்தார். அவருக்கு நெஞ்சு உருகியது.

மூன்றாம் நாள் காலை தலை வெடித்தது. போதை தெளிந்த அடையாளம் என்று பெருமையாகக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு முனகினார். லூதிவினா எழுந்து போனாள். ஒரு மாத்திரையும், பச்சை மிளகாய்ச் சாற்றில் ஊறின சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். "வெயில்," என்றாள். "வெயில்," என்றார் அவரும். பிறகு ஐந்து இளநீர். அன்று மணலில் படுத்து, அவள் முகத்தைப் பார்த்து, "கிழவி, உன்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நீ போட்டிருந்த மஞ்சள் கவுனு, அதுல ஒரு பித்தான் இல்ல, ஞாபகம் இருக்கா?" என்றார். அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்பதுதான் இருபத்தைந்து வருஷமாகத் தெரியாது. அவள் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

நான்காம் நாள் ஆறு இளநீர். ஆறாவது முடிந்த கையோடு, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைக்குள் ஓடினார். திரும்பி வந்து சட்டைப் பையைத் தொட்டார். அட்டை. நனைந்து போயிருந்தது. வெளியே எடுத்தால், மாதா படத்தில் சரியாகக் கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு நீர், மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

எவாரிஸ்தோ மணலில் மண்டியிட்டுவிட்டார்.

"கிழவி, மாதா அழறா."

"கடல்தண்ணி."

"இல்ல. என்னைப் பார்த்துத்தான் அழறா. நான் பாவி. ஏன்னு கேக்காத. கேட்டா சொல்லமாட்டேன். ஆனா இந்த வருஷம் உன்கூட சான் ஹுவானுக்கு நடந்தே வரேன். இது நேர்ச்சை."

லூதிவினா எழுந்து உட்கார்ந்தாள். "முழங்கால்?"

"முழங்காலா?" அந்த இடத்திலேயே மூன்று முறை குதித்தார். பக்கத்துக் குடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"இன்னொரு தடவை சொல்லு, கிழவா. மாதாவுக்குச் சரியா கேட்டிருக்காது."

சொன்னார். பக்கத்துக் குடைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, அட்டையில் கையை வைத்துச் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை கண் விழித்ததும் அவர் ஞாபகத்துக்கு முதலில் வந்தது மூன்று நாள் நடை. இரண்டாவதாக வந்தது மூன்று நாள் நடை. லூதிவினா தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா, இந்தத் தடவை அவரும்தான். நம்ப முடியலையா? எனக்கும்தான். பேரைச் சேர்த்துடுங்க." அந்தப் பக்கம் பாதயாத்திரைக் குழுவின் தலைவி ரெஃபூஹியோ அக்கா. அவள் காதில் விழுந்தது லெயோனில் முக்கால் பங்கு பேர் காதில் விழுந்த மாதிரி.

எவாரிஸ்தோ அந்த நொடியிலிருந்து நொண்ட ஆரம்பித்தார். இரண்டு எட்டு வைத்ததும், நேற்றுக் குதித்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். யோசித்தார். பாதரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார், குடித்தவன் செய்கிற நேர்ச்சையை மாதா ஏற்பதில்லை. அவருடைய சித்தப்பா சோன் அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே மூன்று யாத்திரைகளிலிருந்து தப்பினவர். ஒரே வழி, உண்மையை ஒத்துக்கொள்வது. திட்டு விழும். இன்னும் ஆறு மாசம் சத்தியம் விழும். விழட்டும். மூன்று நாள் நடைக்கு முன்னால் அது தூசு.

பெட்டி கட்டியாயிற்று. பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பாரில் இருவரும் உட்கார்ந்தார்கள். தைரியத்துக்காக எவாரிஸ்தோ இடது காதைச் சொறிந்தார். பதினெட்டாவது இளநீர் வந்தது.

"லூதி, நான் ஒண்ணு சொல்லணும். நேத்து நேர்ந்துகிட்டேன் பாரு, அது செல்லாது."

"ஏன்?"

"நான் குடிச்சிருந்தேன்."

"என்ன குடிச்சே?"

"இளநி."

"அதைத்தான் ஊரே குடிக்குது."

"என் இளநியில டெகீலா. நாலு நாளா. மொத்தம் பதினேழு. சத்தியத்தை மீறிட்டேன். திட்டு, அடி, பாதர்கிட்ட இழுத்துட்டுப் போ. ஆனா குடிச்சவன் நேர்ச்சை மாதாவுக்கு ஆகாது. அதனால நடை கிடையாது. வருத்தமாத்தான் இருக்கு."

வருத்தத்தை முகத்தில் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு இருக்கிறதே.

லூதிவினா கோபப்படவில்லை. "நிக்காந்த்ரோ, இவர் சொல்றது நிஜமா?"

நிக்காந்த்ரோ கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். ஒரு அலை வந்து போனது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே மாதா. ஓரம் மடங்கியிருந்தது.

"நானும் சத்தியக்காரன்தான், தோன். ரெண்டு வருஷம். சத்தியக்காரனுக்கு ஊத்துற கை விளங்காதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அம்மணி வந்த அன்னைக்கே உங்க அட்டையை போன்ல படம் பிடிச்சு ஏழு பாருக்கும் காட்டிட்டாங்க."

"அப்ப உதடு எரிஞ்சது?"

"மிளகாய்த்தூள்."

"தலைவலி?"

"தொப்பி போடாம வெயில்ல ஆடினா வராதா?"

"நான் ஆடினது?"

"அது நீதான், கிழவா," என்றாள் லூதிவினா, கொஞ்சம் தாழ்ந்த குரலில். "மஞ்சள் கவுனு சொன்னதும் நீதான். இத்தனை வருஷமா அந்த ஆளை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

எவாரிஸ்தோவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நான் சத்தியத்தை மீறல."

"மீறல."

"ஒரு சொட்டுகூட?"

"ஒரு சொட்டுகூட. முழு நிதானத்துலதான் இருந்திருக்கே. பேசினது, குதிச்சது, நேர்ந்துகிட்டது, எல்லாமே."

மலர்ந்த முகம் பாதியில் நின்றது. அவர் ஸ்ட்ராவை ஒரு இழுப்பு இழுத்தார். இளநீர். வெறும் இளநீர்.

லூதிவினா அவர் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "உனக்குப் புதுசா ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கி வைக்கட்டுமான்னு ரெஃபூஹியோ அக்கா கேட்டாங்க. வேண்டாங்கக்கா, அவர் தைச்சதையே போட்டுட்டு வரட்டும்னு சொல்லிட்டேன்."