மாமனார் ரிசீவரை எடுப்பதற்குள் ஒரு படம்

தியாகதுருகம்,
8.3.1998

அன்புள்ள காசி அண்ணனுக்கு,

இசைவாணி எழுதுவது. நானும், பதினோரு மாதத்து ரம்யாவும், என் மாமனாரும் இங்கு நலம். அண்ணியும் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்து நான்கு நாள் பஸ் ஓடவில்லை. சென்னையிலிருந்து நீங்கள் அனுப்பிய மோடம் விளம்பரத் தாள் நேற்றுத்தான் வந்தது. அதனால்தான் பதில் தாமதம்.

உங்கள் மாப்பிள்ளை மஸ்கட் போய்ப் பதின்மூன்று மாதம். குழந்தையைப் பார்த்ததே இல்லை. போட்டோவைத் தபாலில் அனுப்பினால், "இன்னும் பல் வரவில்லையா?" என்று கேட்டு அவர் பதில் வருகிறபோது இவள் நான்கு பல்லால் என் தோளைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் பாலைவன முகாமுக்குப் போகிறாராம், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. அதற்குள் ரம்யா நிற்கிற படம் மின்னஞ்சலில் போயாக வேண்டும். ஸ்டூடியோக்காரர் படத்தை ஒரு ஃப்ளாப்பி நிறைய ஏற்றிக் கொடுத்துவிட்டார், கம்ப்யூட்டரும் இருக்கிறது, அதைப் போன் லைனோடு இணைக்கிற மோடம்தான் இல்லை.

மெதுவானது போதாதா என்று கேட்காதீர்கள் அண்ணா. சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு போனில் வரும் என்று மாமனார் காத்திருக்கிறார். லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை ரிசீவரை எடுத்துப் பார்க்கிறார். கடிகாரம் வைத்தே பார்த்தேன். அவர் எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். படம் போக முப்பத்துமூன்று வேகத்தில் எட்டு நிமிடம், ஐம்பத்தாறில் ஐந்து நிமிடம்.

ஐம்பத்தாறிலேயே இரண்டு வகையாம். கள்ளக்குறிச்சிக் கடைக்காரர், "எக்ஸ்-டூ எடுத்துக்கம்மா, அதான் ஓடிக்கினு இருக்குது" என்றார். சங்கராபுரம் கம்ப்யூட்டர் சென்டர் தமிழரசன் சார், "ஐயையோ, ஃப்ளெக்ஸ்தாங்க" என்றார். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாதாம், அந்தப் பக்கமும் அதே வகை இருந்தால்தான் அந்த வேகமாம். மாமனார் கேட்டுவிட்டு, "இன்னாம்மா இது, சம்பந்தம் பண்றாப்பல இருக்குது! எதிர் வூட்ல இன்னா வகைன்னு விசாரிச்சியா?" என்றார். விசாரித்தேன். இணைப்புக் கொடுக்கும் அலுவலகத்துப் பெண், "இப்போ ஃப்ளெக்ஸ் மேடம், சீக்கிரமே பொது வகை ஒண்ணு வருது, அதுக்கு மாறிடுவோம்" என்றாள். "அப்ப நிச்சயத்தத் தள்ளிப் போடு" என்கிறார் இவர். தள்ள எனக்கு ஏது நாள்? சனிக்கிழமையே ஃப்ளெக்ஸ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்துவிடுங்கள்.

அண்ணிக்கு ரம்யாவின் நான்கு பல் முத்தம். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு கடை ஏறுங்கள்.

உங்கள் தங்கை,
இசைவாணி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் விளம்பரத் தாளை இன்னொரு தடவை படித்தேன். அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: ஐம்பத்தாறு என்பது நமக்கு வருவதற்கு மட்டும்தானாம். இங்கிருந்து போவது எந்த வகையானாலும் முப்பத்துமூன்றுதான். அதாவது எட்டு நிமிடம். மாமனார் வந்து விவரம் கேட்டார்.

"அப்ப அவன் அனுப்பினா வெரசா வருமா?"

"வரும் மாமா."

போனை என் பக்கம் தள்ளி வைத்தார். "அதையே வாங்கச் சொல்லு. அவன் மூஞ்சியையும் ஒண்ணு அனுப்பச் சொல்லு. நீ அனுப்பறப்ப நான் கரும்புக் கொல்லைக்குப் போயிடறேன். கரும்பு எங்க ஓடப் போவுது?"

சொல்லிவிட்டு, ரிசீவரை எடுத்து லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்.