பெரிய கார்டைக் காணவில்லை, மாமா

விழுப்புரம்,
புதன்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் உள்ள வேங்கடேசன் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் கலைப்பிரியா எழுதிக்கொண்டது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். லேப்டாப் மட்டும் நலமாக இல்லை. அங்கு திண்டிவனத்தில் உங்கள் நலமும், அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லும்மா" என்றதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்து, "ஒன்னுமில்ல மாமா, சும்மாதான்" என்று வைத்துவிடுகிறேன். நேற்று மட்டும் இரண்டு முறை அப்படி வைத்தேன். அதனால் எழுதுகிறேன். இன்று அப்பா அங்கே வருகிறார். அவர் கையில் ஒரு பெட்டியும் ஒரு பையும் இருக்கும். பையில் ஓட்டோடு வறுத்த மல்லாட்டைக் கடலை, அது உங்களுக்கு. பெட்டியில் நீங்கள் எனக்கு வாங்கிக்கொடுத்த லேப்டாப், அதைத் தயவுசெய்து உங்கள் நண்பர் பிரவீன்குமார் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மாமா. அவர் உங்களை ஏமாற்றிவிட்டார்.

விவரமாகச் சொல்கிறேன். அந்த லேப்டாப்புக்குள், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு இரண்டு இருக்க வேண்டும். சின்னது அன்றாட வேலைக்கு. கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். பெரியது கனமான வேலை இருந்தால்தான் எழுந்து வரும், வந்தால் பேட்டரியை ஒரு பிடி பிடிக்கும், விசிறி வைத்துச் சத்தமும் போடும். இதை அம்மாவிடம் விளக்கினேன். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப சின்னது நானு, பெருசு உங்கப்பா" என்றாள். அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "எந்திரிச்சி வந்தா வேலைய முடிக்கிறேனா இல்லியா, அத்த சொல்லு" என்றார்.

நம் விஷயத்தில் பெரியது எழுந்து வரவே இல்லை. நீங்கள் எனக்காகச் சொல்லிவைத்த கட்டட ஆபீஸ் அருணா மேடம் எனக்கு ஒரு சோதனை வேலை கொடுத்தார் அல்லவா, விக்கிரவாண்டியில் கட்டப்போகும் ஒரு மாடி வீட்டை, கேட்டிலிருந்து மொட்டை மாடி வரை சுற்றிக் காட்டும் ஒரு நிமிடப் படம். நாளை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லாம் வரைந்து முடித்து, ஓடும் படமாக மாற்றச் சொல்லி லேப்டாப்பிடம் விட்டேன். தொண்ணூற்று நான்கு மணி நேரம் ஆகும் என்றது. சின்ன கார்டு ஒற்றை ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது, பெரியதைக் கூப்பிடலாம் என்று, லேப்டாப்பை இயக்கும் லினக்ஸில் எல்லா உறுப்புகளின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தால், அதில் பெரிய கார்டின் பெயரே இல்லை. தூங்குகிறது என்றால் எழுப்பலாம், மாமா. வீட்டிலேயே இல்லாத ஆளை எப்படி எழுப்புவது? கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மறுபடி நிறுவினேன், திரை கறுப்பாகிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "கரண்ட் போச்சா" என்று கேட்டுவிட்டுத் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு வழியாகத் திரையை மீட்டு, பழைய டிரைவரைப் போட்டேன், புதிய டிரைவரைப் போட்டேன். பட்டியலில் அப்போதும் ஒரே கார்டுதான்.

இணையத்தில் தேடினால், ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதே கேள்வியை அழாத குறையாகக் கேட்டிருக்கிறார். கீழே அவரே, "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும். நானும் அங்கே ஒரு கேள்வி கேட்டேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து நான்கு முறை அழித்து, ஐந்தாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் ஒருவர், "பெரிய கார்டை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்" என்று பதில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை என்று பதில் எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாங்கள் பொருளை எப்படி வைத்துக்கொள்வோம் என்று உங்களுக்குத் தெரியாதா? அம்மா கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த ஆறு கண்ணாடி டம்ளர்களும் இருபத்து நான்கு வருடமாக, பிரிக்காத அட்டைப்பெட்டியில் பீரோ மேலேயே இருக்கின்றன. நீங்கள் வந்தால்கூட எவர்சில்வர் டம்ளரில்தான் டீ. லேப்டாப் மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் இன்னும் உரிக்கவில்லை. ஆகவே தவறு எங்கள் பக்கம் இருக்க வழியே இல்லை. பிரவீன்குமார் அண்ணன்தான் பெரிய கார்டைக் கழற்றி வேறு எதிலோ மாட்டியிருக்க வேண்டும். லேப்டாப்பில் அது பலகையோடு பற்றவைத்திருக்கும், கழற்றுவது மிகக் கடினம் என்று படித்தேன். அப்படியும் கழற்றியிருக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய கைகாரராக இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் நேற்று அப்பா என் வீட்டுப் படத்தைப் பார்த்தார். இருபது வருடமாகக் கான்கிரீட் கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர், திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, படி திரும்புற எடத்துல தாங்குற பீமே காணோம். அந்தரத்துல நிக்குது. யாராவது ஏறினா நேரா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிதான்" என்றார். பீம் வைத்துவிட்டேன். ஆனால் பீம் வைத்த வீட்டையும் காட்ட முடியாதே. அருணா மேடத்திடம் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு அவரிடம் சொல்ல வாய் வராது. எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நானாக இருப்பேன் என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லிவிட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் எனக்கு வேண்டும். லேப்டாப் போனாலும் அது போகாது அல்லவா.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
கலைப்பிரியா.

பி.கு.: மாமா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் மல்லாட்டையையும் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். லேப்டாப்பை அதன் பெட்டியிலேயே வைத்து அனுப்பலாம் என்று அம்மா பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினாள். உள்ளே என் கையெழுத்தில், லேப்டாப் வந்த அன்று நான் எழுதி வைத்து மறந்தே போன தாள். "லினக்ஸ் போட்டாயிற்று. பேட்டரி சிக்கன முறையைத் தேர்ந்தெடுத்து, பெரிய கார்டை முழுதாக நிறுத்தி வைத்தாயிற்று. மாமா வாங்கிக்கொடுத்தது, தேயாமல் இருக்கட்டும். முக்கியமான வேலை வந்தால் எடுத்துக்கொள்ளலாம்." கீழே தேதியும் போட்டிருக்கிறேன். நிறுத்தி வைத்தால் பட்டியலில்கூடப் பெயர் வராதாம். ஒரு வரிக் கட்டளை கொடுத்து, லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன், பெரிய கார்டு உடனே வந்துவிட்டது. படம் நான்கு மணி நேரத்தில் முடியும் என்கிறது. விசிறிச் சத்தம் இங்கே எழுதும்போதே கேட்கிறது.

அருணா மேடத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிரவீன்குமார் அண்ணனைப் பார்த்தால் என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், எதற்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இணையத்துக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி அப்பா வர வேண்டிய அவசியமில்லை என்றேன். "வேலைக்கி லீவு சொல்லியாச்சி, மல்லாட்டையும் வறுத்தாச்சி. எழுதின கடுதாசிய ஏன் வீணாக்கிக்கினு, குடு இப்பிடி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பெட்டி அவர் கையில் இருக்காது, தேட வேண்டாம்.

அந்தத் தாளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் ஸ்டூலில் ஏறி உங்கள் கண்ணாடி டம்ளர்களை இறக்கி, கழுவி, அப்பாவுக்கு ஒன்றில் டீ ஊற்றிக் கொடுத்தாள். விளிம்பில்லாத டம்ளரைப் பிடித்து அப்பாவுக்குப் பழக்கமில்லை. இப்போது ஐந்து இருக்கின்றன. நீங்களும் அத்தையும் ஜல்தியாக ஒரு நாள் வாருங்கள்.