ஹின்ரிக்குக்குப் பிளாட்டில் ஒரு பிரசங்கம்

"புத்தக ஜெர்மன்ல பிரசங்கம் பண்ணா பெட்டியைத் தூக்க மாட்டோம்" என்று ஹப்போ கையைக் கட்டிக்கொண்டான். பின்னால் நின்ற அண்டைவீட்டாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

பாஸ்டர் வோல்க்மருக்கு வியர்த்தது. ஹனோவரிலிருந்து மாற்றலாகி வந்து அவர் நடத்தும் முதல் அடக்கம் இது. இந்தக் கடலோர ஊரில் சவப்பெட்டியை அண்டைவீட்டார்தான் சுமக்க வேண்டும். வேறு ஆள் தொட்டால் ஊருக்கே அவமானம். ஹப்போவோ எம்டன் பக்கத்துக்காரன், குணத்திலும் எம்டன்தான்.

"ஹின்ரிக் ஏதோ தீவுலேருந்து வந்தவன் பாஸ்டர். எந்தத் தீவுன்னு நாங்க கேக்கல, அது இங்க மரியாதையில்ல. நாப்பது வருஷம் எங்ககூட டீ குடிச்சான். 'மொயின்'னு வணக்கம் சொல்லுவான், உக்காருவான், போதும்னா கோப்பையில கரண்டியைப் போட்டுட்டுப் போயிடுவான். வீண்பேச்சு ஒண்ணு உண்டா? அதான்யா ஆம்பளை! அவனை எங்க ஊர்ப் பேச்சுல, பிளாட்லதான் வழியனுப்பணும்."

"எந்தப் பேச்சானா என்ன ஹப்போ, அவருக்கு..." என்று ஆரம்பித்தாள் ஹின்ரிக்கின் மனைவி தியேடா.

"நீ சும்மா இரு தாயி. துக்கத்துல இருக்கே."

பாஸ்டர் ஆர்கன் வாசிப்பவரிடம் ஓடினார். நாலு வரி பிளாட் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார். எல்லார் முகமும் கறுத்தது.

"இது ஓல்டன்பர்க் ஊர்க்காரன் பேசுற பிளாட்! ஹின்ரிக் பெட்டியை உடைச்சிக்கிட்டு எழுந்திருவான்!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. "நான் ஒவ்வொரு வரியா சொல்றேன், நீங்களே உங்க பேச்சுல திருப்பிச் சொல்லுங்க" என்று பாஸ்டர் கெஞ்சினார்.

ஹப்போ மேடையேறினான். பாஸ்டர் ஒரு வரி சொன்னால் அவன் பத்து வரி சொன்னான். பிறகு பாஸ்டருக்காகக் காத்திருப்பதையும் விட்டுவிட்டான். அதிகம் பேசிப் பழக்கமில்லாத மனிதன், சிநேகிதனுக்காக அழுதுகொண்டே பேசினான். கோவில் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். ஒன்றும் புரியாமலே பாஸ்டருக்கும் கண் கலங்கியது.

பெட்டி தோளில் ஏறியது. அடக்கமும் நல்லபடியாக முடிந்தது.

பிறகு டீ மேசைக்கு, கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பச்சைத் தொப்பிக் கிழவர் ஒருவர் வந்து ஹப்போவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஹின்ரிக்கோட அண்ணன்."

அவர் பேசியது புத்தக ஜெர்மன்; ஹப்போவும் வேறு வழியின்றி அதிலேயே கேட்டான்: "எந்தத் தீவுங்க பெரியவரே?"

"தீவா? நாங்க தெற்கே பவேரியா மலைக்காரங்க தம்பி. உருக்கமாப் பேசினீங்க, ஆனா எனக்கு ஒரு வார்த்தை புரியல. அவனும் ஊருக்கு வரும்போதெல்லாம் இதையேதான் சொல்வான்: 'நாப்பது வருஷமாச்சுண்ணே, அவங்க என்ன பேசுறாங்கன்னு இன்னும் ஒண்ணும் புரியல, ஆனா அவங்களை விட்டு வரத்தான் மனசில்ல.'"